காட்டு வழியும் மிதிவண்டியும்

 

இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு விழாவில் மிதிவண்டியைப் பற்றியும் சரளைப் பாதையைப் பற்றியும் ஓர் உரை எதற்கு என்று சிலர் எண்ணக்கூடும். வழியைப் பற்றித் தமிழைப் போல் சிந்தித்த இலக்கியங்கள் மிகச் சிலவே. ஆறு, நெறி, அதர், இயவு, அத்தம், சுரம் எனச் செல்லும் வழிக்குச் சங்க இலக்கியம் வழங்கும் சொற்கள் பல. கிளைத்துப் பிரியும் வழிக்குக் ‘கவலை’ என்று பெயர். எவ்வழிச் செல்வது என்று அறியாது நிற்பவரின் மனநிலைக்கும் அதே சொல் வழங்குவது எண்ணத்தக்கது. ‘நெறி’ என்பது கால் நடக்கும் பாதையையும் குறிக்கும். மனிதர் ஒழுகும் முறையையும் குறிக்கும். ஆகவே ஒரு நாட்டார் தம் வழிகளை எவ்வாறு வைத்திருக்கின்றனர் என்று ஆராய்வது, அவர்தம் ஒழுக்கத்தை ஆராய்வதும் ஆகும்.

இயந்திர ஊர்திகள் புகாத, மண்ணும் சரளையும் பரப்பிய, மரங்களினூடே செல்லும் மிதிவண்டிப் பாதைகளே இவ்வுரையின் பொருள். அத்தகைய பாதை ஒன்று எவ்வாறு உண்டாகிறது, எவ்வாறு அழிகிறது, யாருக்கு உரியது என்னும் மூன்று வினாக்களுக்கு விடை தேடுவதே இதன் நோக்கம்.

இரண்டு பழைய வழக்கங்கள்

அகநானூற்றின் நான்காம் பாட்டு குறுங்குடி மருதனார் பாடியது. முல்லைத் திணைக்கு உரியது. வினை முடித்து மீளும் தலைவன் கார்காலத்துக் காட்டு வழியே தேரில் வருகிறான். வழியிலுள்ள சோலைகளில் மலர்கள் பூத்திருக்கின்றன. வண்டுகள் தத்தம் துணையொடு தேனுண்டு தங்கியிருக்கின்றன. தேர்மணியின் ஓசை கேட்டால் அவை கலங்கும் என்று அஞ்சி, மணியின் நாவை ஒலியாதவாறு கட்டி வருகிறான் அவன். வீட்டில் தலைவி காத்திருக்கிறாள், பருவமும் வந்துவிட்டது, விரைய வேண்டியவன் அவன். ஆயினும் காடு தனக்கு மட்டும் உரிய வழியன்று, அங்கு வாழும் உயிர்களின் வீடு என்பதை மறவாதவன். தேரை அவன் நிறுத்தவில்லை, ஓசையை நிறுத்தினான். செலவும் வேண்டும், அடக்கமும் வேண்டும் என்பதே இப்பாட்டு காட்டும் முதல் வழக்கம்.

இரண்டாவது வழக்கம் மலைபடுகடாத்தில் உள்ளது. பெருங்கௌசிகனார் பாடிய அந்நூல், செங்கண்மாத்து நன்னனைக் காணச் செல்லும் கூத்தரை மலைவழியில் ஆற்றுப்படுத்துகிறது. பன்றிக்கு வைத்த பொறிகள், பாம்பு உறையும் குழிகள், வழுக்கும் பாறைகள், தினைப்புனம் காப்போர் எறியும் கவண்கற்கள் ஆகிய இடர்களை எல்லாம் முன்கூட்டியே எடுத்துரைக்கிறது. இருள் வந்தால் நடையை நிறுத்தி, சொந்த வீட்டில் புகுந்தாற்போல் மலைக்குகையில் தங்குமாறு அறிவுறுத்துகிறது. வழிகள் பிரியும் சந்தியை அடைந்தால் அவ்விடத்தைத் துடைத்துச் சீர்செய்து, புல்லை முடிந்து அடையாளமிட்டுச் செல்லுமாறும் சொல்கிறது. முன்னே செல்பவர் பின்னே வருபவர்க்குச் செய்யும் கடமை அது. இன்றைய நெடுஞ்சாலைத் துறையின் வழிகாட்டிப் பலகைக்கு அந்தப் புல்முடியே மூதாதை எனலாம்.

வழியில் வாழும் உயிர்க்கு ஊறு செய்யாமை, பின்வருவோர்க்கு வழிகாட்டல் ஆகிய இவ்விரு வழக்கங்களையும் அளவுகோலாகக் கொண்டு இக்காலத்துக் காட்டு வழி ஒன்றினை நோக்கலாம்.

செம்மண் மேட்டில் ஒரு காடு

விழுப்புரம் மாவட்டம் வானூர் வட்டத்தில், புதுச்சேரிக்கு வடக்கே கடலை ஒட்டிய செம்மண் மேடு ஒன்று உண்டு. அதன் அருகில்தான் திருஞானசம்பந்தரின் பாடல் பெற்ற இரும்பை மாகாளம் இருக்கிறது. கடுவெளிச் சித்தரின் சினத்தால் இந்நிலம் பாழாயிற்று என்பது அவ்வூரில் வழங்கும் கதை. மண்ணறிந்தோர் கூறும் காரணம் எளியது: மரங்கள் வெட்டப்பட்டன, தடையற்ற மழைநீர் மேல்மண்ணை அரித்துக் கடலுக்குக் கொண்டு சென்றது, மேடு முழுதும் ஆழ்ந்த ஓடைப் பள்ளங்கள் பிளந்தன.

1968 பிப்ரவரி 28இல் அங்கு ஆரோவில் நகர் தொடங்கப்பட்டது. 124 நாடுகளின் மண் ஒரு தாழியில் இடப்பட்டது. அந்த விழாவினும் பெரிது அதன்பின் நடந்த பணி. பல நாடுகளிலிருந்து வந்தவர்களும் சுற்றுப்புறச் சிற்றூர்களின் உழைப்பாளிகளும் சேர்ந்து மண்வரப்புகள் எடுத்தனர். ஓடைகளுக்குத் தடுப்பணை கட்டினர். மழைநீரை ஓடவிடாது நிற்க வைத்தனர். பின்னர் மரம் நட்டனர். முதலில் வறட்சியைத் தாங்கி விரைந்து வளரும் மரங்கள் நிழல் தந்தன. அந்நிழலில் இம்மண்ணுக்கே உரிய உலர் பசுமைக்காட்டின் மரங்கள் எழுந்தன. வீரை, பாலை, கருங்காலி ஆகியவற்றோடு, முல்லைப் பாட்டுகளில் நீலப்பூவுடன் நிற்கும் காயாவும் அவற்றுள் ஒன்று. நடப்பட்ட மரங்கள் இருபது இலட்சத்தினும் மிகுதி என்பர். நூலில் மட்டும் காயாவைக் கண்ட தமிழ் மாணவர் அதனை நேரில் காணத்தக்க இடங்களுள் இதுவும் ஒன்று.

அக்காட்டினூடே ஒரு குடியிருப்பையும் மற்றொன்றையும் இணைத்து, ஒற்றையடிப் பாதையினும் சற்றே அகன்ற செம்மண் வழிகள் செல்கின்றன. அவை நடப்போர்க்கும் மிதிவண்டியில் செல்வோர்க்கும் உரியவை. அங்கே வழி மரத்தைச் சுற்றி வளைந்து செல்கிறது. மரம் வழிக்காக விலகவில்லை.

இத்தகைய பாதை தானாக அமைந்துவிடுவதில்லை. சரளைப் பாதைக்கு முதற்பகை நீர். சரிவின் போக்கிலேயே வழி அமைந்தால் முதல் மழையில் அது கால்வாயாகிவிடும். ஆகையால் சரிவுக்குக் குறுக்கே வளைந்து செல்லுமாறு வழியை வகுக்க வேண்டும். நடுப்பகுதியைச் சற்றே உயர்த்தி இருபுறமும் நீர் வழியவிட வேண்டும். வழியும் நீர் அரித்து ஓடாமல் ஆங்காங்கே குழிகளில் தங்கி நிலத்துள் இறங்க வேண்டும். ஒரு சக்கரத்தடம் பள்ளமானால் அடுத்த மழைக்கு முன் அதனை நிரப்ப வேண்டும். தார்ச் சாலை இயந்திரத்தையும் ஒப்பந்தக்காரரையும் எதிர்பார்த்து நிற்பது. சரளைப் பாதையோ மண்வெட்டியும் கூடையும் கொண்ட ஊராரின் கைக்கு எட்டுவது.

இரண்டாம் பகை விரைவு. இரண்டு கற்களுக்கிடையே மிதிவண்டி மட்டும் நுழையும் அளவு இடைவெளி விட்டால் நாற்சக்கர ஊர்தி நின்றுவிடும். எனினும் கல் மட்டும் காவலாகாது. இடைவெளியில் புகும் இருசக்கர இயந்திர வண்டியை எந்தக் கல்லும் முழுதும் தடுப்பதில்லை. ஊரின் உடன்பாடே தடுக்க வேண்டும். ஆரோவிலின் பெருஞ்சாலைகளில் இயந்திர வண்டிகளின் இரைச்சலும் புழுதியும் உண்டு என்பதையும், அங்கு வாழ்வோர் பலரே அவற்றை ஓட்டுகின்றனர் என்பதையும் மறைப்பதற்கில்லை. அமைதியான வழியின் பக்கத்திலேயே இரைச்சல் மிக்க வழியும் இருக்கிறது. ஆதலின் அமைதி என்பது இயற்கை தந்த கொடையன்று. நாள்தோறும் எடுக்க வேண்டிய முடிவு.

வட்டச் சாலையின் வழக்கு

அம்முடிவு எவ்வளவு மென்மையானது என்பதை அதே இடம் அண்மையில் உணர்த்தியது. ஆரோவிலின் பெருந்திட்டத்தில் நகர் நடுவே ஒரு வட்டச் சாலை வரையப்பட்டிருந்தது. வரைபடத்தில் அக்கோடு தோன்றிய காலத்தில் அங்கே மரமில்லை; கோட்டைச் சாலையாக்க முனைந்தபோது அங்கே காடு இருந்தது. 2021 டிசம்பரில் மண்வாரி இயந்திரங்கள் மரங்களை அகற்றத் தொடங்கின. எதிர்ப்பு எழுந்தது. தேசிய பசுமைத் தீர்ப்பாயம் இடைக்காலத் தடை விதித்து, 2022 ஏப்ரலில் சுற்றுச்சூழல் ஒப்புதல் பெற்ற பின்னரே பணியைத் தொடர வேண்டும் என்று ஆணையிட்டது. 2025 மார்ச்சில் உச்சநீதிமன்றம் அவ்வாணையை நீக்கியது.

நகரத்துக்கென்றே ஏற்பட்ட இடத்தில் நகரம் எழ வேண்டாவா என்று ஒரு சாரார் கேட்டனர். சாலை வேண்டா என்பதில்லை, காட்டையும் நீர்வழியையும் கண்டு வளைந்து செல்லட்டும் என்று மற்றொரு சாரார் கூறினர். இரு சாராரும் அந்நகரை நேசிப்பவரே. சட்ட வழக்கின் முடிவு நீதிமன்றத்துக்கு உரியது. எனினும் இலக்கிய மாணவர் இங்குக் கேட்கத்தக்க வினா ஒன்று உண்டு. தேரின் மணிநாவைக் கட்டிய தலைவன் போக வேண்டிய இடத்துக்குப் போகத்தான் செய்தான். அவ்வாறு போவதற்கு வளைவதும் அடங்குவதும் இழிவு என்று அவன் கருதவில்லை. வரைபடத்துக் கோடு வளையாது என்று கருதும் மனம், அத்தலைவனிடமிருந்து எவ்வளவு தொலைவு வந்துவிட்டது என்பதே அவ்வினா.

எல்லாக் காட்டிலும் வழி வேண்டா

இதனைக் கேட்பவர், மேற்குத் தொடர்ச்சி மலையின் எல்லாக் காடுகளிலும் மிதிவண்டிப் பாதை அமைக்கலாமே என்று கருதிவிடக்கூடாது. இம்மாவட்டத்தின் மேற்கெல்லையில் 1988இல் சாம்பல் நிற அணில்களுக்கெனச் சரணாலயம் ஏற்பட்டது. அது மேகமலைக் காட்டோடு இணைந்து 2021இல் ஆயிரம் சதுர கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலைப் புலிகள் காப்பகமாயிற்று. தாயில்பட்டி வட்டாரத்துக்கு நீர் தரும் வைப்பாறு அம்மலைத்தொடரின் கிழக்குச் சரிவுகளில் பிறப்பது. வெம்பக்கோட்டை அணைக்கு நீர் வருவதும், 2022 முதல் அகழாய்வு நடைபெற்ற விஜயகரிசல்குளத்து மேட்டில் முன்னோர் வாழ்ந்ததும் அந்த ஆற்றால்தான். ஆதலின் அக்காடு இவ்வூருக்கு வேடிக்கை இடமன்று, தண்ணீரின் தாய்வீடு.

அக்காட்டில் யானையும் கரடியும் உண்டு. அங்கு மிதிவண்டியின் சிறப்பே குறையாகிவிடும். ஓசையின்றி விரைந்து வரும் வண்டி ஒரு வளைவில் யானையின் எதிரே தோன்றினால், விலகுவதற்கு இரு தரப்பிற்கும் நேரமிராது. வண்டுக்கு அமைதி நன்மை. யானைக்கு முன்னறிவிப்பே நன்மை. அடக்கம் என்பது எங்கும் ஒரே வடிவினதன்று. சத்தியமங்கலம் காட்டின் பண்ணாரி–காரப்பள்ளம் சாலையில் 2022 பிப்ரவரியில் சென்னை உயர்நீதிமன்ற ஆணையால் இரவுப் போக்குவரத்து கட்டுப்படுத்தப்பட்டது. இருட்டினால் நடையை நிறுத்துக என்ற மலைபடுகடாத்து அறிவுரையின் இக்கால வடிவம் அது. சில காடுகளில் வழியை அமைப்பதைவிட அமைக்காதிருப்பதே நெறி. செண்பகத்தோப்புப் பகுதியில் வாழும் பளியர் போன்ற காட்டுக் குடிகளின் வழிகளும் உல்லாசப் பயணிகளுக்காகத் திறந்துவிடத் தக்கவையல்ல.

நெதர்லாந்தின் ஹோகே வேலுவே தேசியப் பூங்கா இங்கு ஒப்புநோக்கத்தக்கது. 5,400 எக்டேர் பரப்புள்ள அப்பூங்காவில் நாற்பது கிலோமீட்டருக்கும் மேற்பட்ட மிதிவண்டிப் பாதைகள் உள்ளன. 1970களில் தொடங்கிய வழக்கப்படி, உள்ளே வருவோர் தனிக் கட்டணமின்றி எடுத்துச் செல்ல வெண்ணிற மிதிவண்டிகள் வைக்கப்பட்டுள்ளன. அவை இப்போது ஏறக்குறைய 1,800. வண்டியையும் தந்து வழியையும் தந்தனர் என்பதே அங்குக் கற்கவேண்டிய பாடம்.

வண்டி வந்தது, வழி வரவில்லை

அந்தப் பாடம் தமிழகத்துக்கு மிகவும் வேண்டுவது. புதுக்கோட்டை மாவட்டத்தில் 1990களின் தொடக்கத்தில், மாவட்ட ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத் அவர்களின் ஊக்கத்துடன், அறிவொளி இயக்கம் எழுத்தோடு மிதிவண்டியையும் பெண்களுக்குக் கற்பித்தது. வேளாண் கூலிகள், கல்லுடைக்கும் பெண்கள், அங்கன்வாடிப் பணியாளர்கள் என ஒரு இலட்சத்துக்கும் குறையாத பெண்கள் வண்டி ஓட்டக் கற்றதாகக் கூறுவர். பேருந்துக்குக் காத்திராமை, தந்தையையோ கணவனையோ எதிர்பாராமை, தண்ணீர்க் குடத்தைத் தலையில் சுமவாமை ஆகியவை அவ்விரு சக்கரங்கள் தந்த விடுதலை. பத்திரிகையாளர் பி. சாய்நாத் அதனை உலகறியச் செய்தார்.

பின்னர் அரசே முன்வந்தது. 2001ஆம் ஆண்டு தொடங்கி, முதலில் ஒடுக்கப்பட்ட வகுப்பு மாணவியர்க்கும் அடுத்து அரசு, அரசு உதவிபெறும் பள்ளிகளின் மேல்நிலை மாணவர் அனைவர்க்குமாக விலையில்லா மிதிவண்டி வழங்கும் திட்டம் விரிந்தது. இன்று பள்ளி மிதிவண்டி இல்லாத தெரு தமிழகத்தில் அரிது. ஆனால் அவ்வண்டி எந்த வழியில் செல்கிறது? சரக்குந்துகளும் தண்ணீர் வண்டிகளும் தனியார் பேருந்துகளும் விரையும் தார்ச் சாலையின் ஓரத்தில், உடைந்த விளிம்பில் செல்கிறது. பின்னிருந்து ஒலிப்பான் அலறினால் பதினைந்து வயதுப் பெண் சரளைக்குள் இறங்கி நிற்கிறாள். வண்டி தந்து வழி தராமை, ஏட்டைத் தந்து எழுத்தைத் தராமை போன்றது.

தாயில்பட்டி வட்டாரம் காடடர்ந்த நிலமன்று. கரிசலும் கருவேலமும் கண்மாய்களும் கொண்டது. பட்டாசுத் தொழிற்கூடங்கள் பாதுகாப்புக் கருதி ஊருக்குப் புறத்தே, கட்டடத்துக்குக் கட்டடம் இடைவெளி விட்டு அமைந்தவை. அவற்றுக்கும் ஊருக்கும், ஊருக்கும் பள்ளிக்கும், கண்மாய்க்கும் புஞ்சைக்கும் இடையே பழைய வண்டிப்பாதைகள் உண்டு. மாட்டுவண்டி மறைந்தபின் அவற்றுள் சில முள்ளடைந்தன. சில உழவுக்குள் அடங்கின. சில தாரிடப்பட்டு விரைவுச் சாலைகளாயின. எஞ்சியவற்றைக் கொண்டு என்ன செய்வது என்பதே இன்று இவ்வட்டாரத்தின் முன் நிற்கும் வினா.

எந்த ஊருக்கும் தார்ச் சாலை வேண்டா என்று சொல்லும் உரிமை யாருக்கும் இல்லை. பேறுகாலப் பெண்ணையும் தீக்காயம்பட்ட தொழிலாளியையும் மருத்துவமனைக்கு எடுத்துச் செல்லும் ஊர்தி நல்ல சாலையில்தான் விரைய முடியும். அந்த விரைவில் உயிர் இருக்கிறது. ஒரு சாலை அவ்வாறு விரையட்டும். மற்றொரு வழி விரையாதிருக்கட்டும். கரிசல் மண் மழையில் சக்கரத்துக்கும் மட்கார்டுக்கும் இடையே அப்பிக்கொள்ளும் இயல்பினது. மழைநாளில் வண்டியைத் தோளில் தூக்கி வந்தவர்கள் இவ்வூர்களில் பலர். ஆகவே வெறும் மண் போதாது; செம்மண் சரளையிட்டுக் கெட்டித்து, நீர் வழியச் சாய்வு கொடுத்த பாதை வேண்டும். இருமருங்கும் வேம்பும் புங்கும் நட்டால் பத்தாண்டில் நிழல் கிடைக்கும். காடு இல்லாத ஊர் காட்டு வழியைத் தேடிப் போக வேண்டியதில்லை. வழியை ஒட்டிக் காட்டை வளர்க்கலாம். பாழ்பட்ட செம்மண் மேடு பசுங்காடான வரலாறு அதற்குச் சான்று.

ஆளரவமற்ற பாதையில் பெண்பிள்ளையைத் தனியே அனுப்புவது எவ்வாறு என்று தாய்மார் கேட்பர். மிகச் சரியான வினா. ஊர்தியற்ற வழி வேறு, ஆளற்ற வழி வேறு. புதுக்கோட்டைப் பெண்கள் வண்டி ஓட்டத் துணிந்ததற்குக் காரணம் பலராகச் சேர்ந்து ஓட்டியதே. கண்மாய்க் கரைப் பாதை பள்ளிப் பிள்ளைகளும் வேலைக்குச் செல்வோரும் காலை மாலை நடக்கும் முதியோரும் ஆடு மேய்ப்போரும் பயன்கொள்ளும் வழியாக இருந்தால் அங்கே கண்கள் இருக்கும். கண்கள் இருக்கும் இடத்தில் அச்சம் குறையும். அவ்வழி ஊரின் முதுகுப்புறமாக ஒதுங்கிச் செல்லாமல் வீடுகளின் முன்புறத்தைத் தொட்டுச் செல்ல வேண்டும் என்பதைத் தொடக்கத்திலேயே வலியுறுத்த வேண்டியவர் பெண்களே. பாதை வகுக்கும் ஊர்க்கூட்டத்தில் வண்டி ஓட்டும் பெண் ஒருத்தியாவது பேசவில்லையெனில் அப்பாதை பாதி வகுக்கப்பட்டதே ஆகும்.

நிறைவாக

ஊர்தி புகாத காட்டு வழி ஓய்வுக்கு வந்தோரின் பொழுதுபோக்கு மட்டும் அன்று. மிதிவண்டியை மகிழுந்தில் ஏற்றிக் காட்டுக்குக் கொண்டு சென்று ஓட்டுவோர்க்கு ஒரு வழி இருக்கையில், மிதிவண்டியன்றி வேறொன்றும் இல்லாதவர்க்கு ஒரு வழி இல்லாதிருப்பது நெறியன்று. விரைந்து செல்ல வல்லவர் சற்றே அடங்கினால்தான் மெல்லச் செல்பவர்க்கு வழி கிடைக்கும். அவ்வடக்கத்தை வண்டுகளுக்காக மேற்கொண்ட தலைவனைத் தமிழ் பாடியது. பள்ளிக்குச் செல்லும் சிறுமிக்காக அதனை மேற்கொள்வது அதனினும் எளியது.

வழிகள் பிரியும் சந்திகளில் நின்று, பின்வரும் இளையோர்க்காகப் புல்முடிந்து வைப்பதே ஓர் இலக்கிய வட்டத்தின் பணி. பத்தாண்டுகளாக அதனைச் செய்துவரும் இவ்வட்டம், அடுத்த பத்தாண்டுகளில் தன் ஊரின் பழைய வண்டிப்பாதைகளை நடந்து கண்டு, அவற்றின் பெயர்களையும் போக்கையும் முதியோரிடம் கேட்டு எழுதி வைத்தால், அது நூலுக்கு நிகரான தொண்டாகும். பெயர் மறைந்த வழியை மீட்பது கடினம்; பெயர் வாழும் வழியை யாரும் எளிதில் உழுதுவிட முடியாது.